கல்லீரலின் வாயை அடைத்த ஊசி

முதல் வலி வந்தபோது பத்தாம் வகுப்பில் இருபடிச் சமன்பாடு நடத்திக்கொண்டிருந்தேன். தொப்புளைச் சுற்றி யாரோ ஈரத்துணியைப் பிழிவதுபோல் தொடங்கியது. நாற்காலியில் உட்கார்ந்தேன், முடியவில்லை. மேசையைப் பிடித்துக் குனிந்து நின்றேன், அதுவும் முடியவில்லை. நடந்தால் மட்டும் கொஞ்சம் தாங்கியது. அந்தப் பாடவேளை முழுவதும் பெஞ்சுகளுக்கு நடுவே நடந்துகொண்டே பாடம் எடுத்தேன். டீச்சர் இன்றைக்கு ஏதோ கோபத்தில் இருக்கிறார் என்று பிள்ளைகள் வாயைத் திறக்காமல் கணக்குப் போட்டார்கள்.

அப்போது எனக்கு முப்பத்து மூன்று வயது. அடையாறில் ஒரு பள்ளியில் கணித ஆசிரியை. வீடு மந்தைவெளியில். கணவர் ஸ்ரீதருக்குப் பெருங்குடியில் மென்பொருள் வேலை. மகள் மீரா நான்காம் வகுப்பில் இருந்தாள்.

வலி மூன்று நாள் இருந்துவிட்டுப் போனது. அடுத்த மாதவிலக்குக்கு முந்தைய வாரம் திரும்ப வந்தது. பிறகு இரண்டு மாதம் இல்லை. பிறகு வந்தது. அடுத்து எப்போது என்று சொல்ல முடியாததுதான் என்னை வலியைவிட அதிகமாகப் படுத்தியது. வலி இல்லாத நாட்களிலும் ஒரு இடத்தில் நிற்கமாட்டேன். சமையலறைக்கும் பால்கனிக்கும் நடப்பேன். தூக்கம் பாதியில் கலையும்.

வாயு என்றார்கள், குடற்புண் என்றார்கள். ஸ்கேன்களில் ஒன்றும் இல்லை. இரண்டாம் ஆண்டில் குடல்வாலை அறுத்து எடுத்தார்கள். அறுவை மருத்துவர் மறுநாள் வந்து, குடல்வால் நன்றாகத்தான் இருந்தது என்று என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார். அதற்கடுத்த வாரம் வந்த வலி, அதுவரை வந்த எல்லாவற்றையும் சாதாரணமாக்கிவிட்டது.

மூன்றாம் ஆண்டில் மனநல மருத்துவரிடம் அனுப்பினார்கள். எனக்கு உண்மையாகவே வலிக்கிறது என்று முதலில் நம்பியவர் அவர்தான். வலி எங்கிருந்து வருகிறது என்று மட்டும் அவருக்கும் தெரியவில்லை. பள்ளியில் எனக்குப் பத்தாம் வகுப்பை நிறுத்தி, ஆறாம் ஏழாம் வகுப்புகளைக் கொடுத்தார்கள். உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று அன்பாகத்தான் சொன்னார்கள்.

இந்தக் காலத்தில் நான் செய்த ஒரு காரியத்தை இங்கே சொல்லியாக வேண்டும். என் மாமியார் இருந்தவரை ஏகாதசிக்கு முழுப் பட்டினி இருப்பார். அவர் போனபின் நான் அதைத் தொடர்ந்தேன். வயிற்றுக்கு ஓய்வு கொடுத்தால் நல்லது என்று பலரும் சொன்னதால், ஏகாதசியோடு வியாழக்கிழமையையும் சேர்த்துக்கொண்டேன். பட்டினி இருந்த இரண்டு மூன்று நாளில் வலி வரும். வலி வந்தால் இன்னும் சிரத்தையாக விரதம் இருப்பேன். கணக்கு சொல்லிக்கொடுக்கிற எனக்கு இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கத் தோன்றவே இல்லை.

நான்காம் ஆண்டு ஆடி மாதத்தில் இடது மணிக்கட்டு தொங்கிவிட்டது. தேர்வுத்தாள் கட்டைத் தூக்கப் போனேன், கை எழவில்லை. நாடித்துடிப்பு தாறுமாறாக ஓடியது. ஆழ்வார்பேட்டையில் ஒரு மருத்துவமனையில் சேர்த்தார்கள். இரத்தத்தில் உப்பு குறைந்திருந்தது. சுவரில் எறும்புகள் வரிசையாக ஏறுவதைப் பார்த்து, துடைப்பம் கேட்டேனாம். எறும்பு எதுவும் இல்லை என்று ஸ்ரீதர் பின்னால் சொன்னார்.

அந்த வார்டில் கன்னியம்மா என்று ஒருவர் துப்புரவு வேலை பார்த்தார். அடையாற்றங்கரைக் குடிசையில் பிறந்து வளர்ந்தவர். அங்கிருந்து எடுத்து நகரத்துக்கு வெளியே அடுக்குமாடியில் போட்டுவிட்டதால், இரண்டு பேருந்து மாறி வேலைக்கு வருவார். என் சிறுநீரை ஒரு பிளாஸ்டிக் குடுவையில் பிடித்துப் பரிசோதனைக்கு அனுப்ப வேண்டியிருந்தது. காலையில் எடுத்ததை யாரோ ஜன்னல் ஓரத்தில் வைத்து மறந்துவிட்டார்கள். பிற்பகலில் கழிவறை கழுவ வந்த கன்னியம்மா அதை ஊற்றப் போனவர், கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றார். பிறகு வாசலில் போய்க்கொண்டிருந்த பணி மருத்துவரைக் கூப்பிட்டார்.

"டாக்டரம்மா, இத்த கொஞ்சம் பாரு. காலைல நான் பாத்தப்போ மஞ்சளாதான் இருந்துச்சு. இப்போ டிகாஷன் மாரி கீது."

பணி மருத்துவர் மேற்படிப்பு படித்துக்கொண்டிருந்த பெண். குடுவையை வாங்கி வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். இரத்தமாக இருக்கும் என்று நான் சொன்னேன். அவர் என்னைப் பார்த்து, வலி வருவதற்கு முன்னால் ஏதாவது பட்டினி இருந்தீர்களா என்று கேட்டார். நான்கு ஆண்டுகளில் யாரும் கேட்காத கேள்வி. நான் வியாழக்கிழமைகளைப் பற்றிச் சொன்னேன். சொல்லும்போதே என் குரல் மெலிந்ததை உணர்ந்தேன்.

மறுநாள் புதிதாக எடுத்த சிறுநீரைக் கருப்புக் காகிதம் சுற்றி, வெளிச்சம் படாமல் ஆய்வகத்துக்கு அனுப்பினார்கள். நோயின் பெயர் வந்தது: போர்ஃபிரியா (இரத்தச் சிவப்புக்கான பொருளை உடல் தயாரிக்கும்போது, நடுவில் ஒரு கட்டத்தில் ஏற்படும் பரம்பரைக் குறை).

எனக்குப் புரிந்த அளவில் எழுதுகிறேன். நம் கல்லீரல் அந்தப் பொருளைப் பல படிகளில் செய்கிறது. ஒவ்வொரு படிக்கும் ஒரு நொதி (உடலில் வேதிவினையை நடத்தும் புரதம்) உண்டு. எனக்கு மூன்றாம் படியில் இருக்கும் நொதி பாதி அளவுதான் இருக்கிறது. சாதாரண நாளில் அதுவே போதும். ஆனால் பட்டினி கிடந்தாலோ, சில மருந்துகள் உள்ளே போனாலோ, மாதவிலக்குக்கு முன் ஹார்மோன்கள் மாறினாலோ, முதல் படி வெறிபிடித்ததுபோல் சரக்கை அனுப்பத் தொடங்கும். மூன்றாம் படியில் அது தேங்கும். தேங்கியது நரம்புகளுக்கு விஷம். வெயில் பட்டால் கருப்பது அதுதான்.

குளுக்கோஸ் ஏற்றினார்கள்; சர்க்கரை சேர்ந்தால் அந்த முதல் படி கொஞ்சம் அடங்குமாம். பிறகு ஹீமின் (அந்தச் சிவப்புப் பொருளையே நேரடியாக இரத்தக் குழாயில் ஏற்றுவது). நான்காம் நாள் வலி இறங்கியது. மணிக்கட்டு எழுந்து நிற்க ஏழு மாதம் ஆனது.

வீட்டுக்குப் போகும் நாளில் கன்னியம்மாவைத் தேடிப்பிடித்து நன்றி சொன்னேன். அவர் துடைப்பத்தை நிறுத்தவில்லை.

"நா இன்னாம்மா பண்ணேன்? ஊத்தாம வச்சேன், அவ்ளோதான். போய் நல்லா துன்னு."

இது பரம்பரை நோய் என்று கேட்டதும் அப்பா மயிலாப்பூர் வீட்டிலிருந்து வந்தார். அவர் ஓய்வுபெற்ற அரசு ஊழியர். அதிகம் பேசமாட்டார். மருத்துவர் சொன்னதை ஸ்ரீதர் விளக்கிக்கொண்டிருந்தார். சிறுநீர் கருக்கும் என்ற இடம் வந்ததும் அப்பா குறுக்கிட்டார்.

"வத்சலாவுக்கும் அப்படித்தான் போகும்."

வத்சலா அப்பாவின் அக்கா. நான் பிறக்கும் முன்பே இறந்துவிட்டார். புக்ககத்தில் இருக்கப் பிடிக்காமல் வயிற்று வலி என்று நடித்து நடித்து, கடைசியில் புத்தி பேதலித்துப் போய்விட்டவர் என்றுதான் எங்களுக்குச் சொல்லப்பட்டிருந்தது. அப்பா அன்றைக்குச் சொன்னது வேறு. கல்யாணமான இரண்டாம் வருடம் அத்தை வயிற்றைப் பிடித்துக்கொண்டு பிறந்த வீட்டுக்கு வந்தாராம். கூடத்தில் சுவரோரமாக நடந்துகொண்டே இருப்பாராம். தூங்கட்டும் என்று மாத்திரை கொடுத்தார்களாம். இந்த நோய்க்கு ஆகவே ஆகாத மருந்துகளில் அந்தக் காலத்துத் தூக்க மாத்திரையும் ஒன்று. அது அன்றைக்கு யாருக்குத் தெரியும்? கொஞ்ச நாளில் கால் விழுந்தது, பிறகு மூச்சு. அவருக்கு இருபத்தொன்பது வயது.

அப்பா தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்:

"ஆத்துல எல்லாரும் சொன்னான்னு நானும் சொன்னேன் சுதா. எழுந்திரு, நடிக்காதேன்னு கையைப் பிடிச்சு இழுத்தேன். அவ நடிக்கலை."

நான் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டேன். அவர் அன்று சாப்பிடாமல் கிளம்பிப் போய்விட்டார்.

நோய்க்குப் பெயர் வந்துவிட்டால் பாதி குணம் என்பார்கள். எனக்கு அப்படி நடக்கவில்லை. விரதங்களை விட்டேன். முதல் ஏகாதசி நடுப்பகலில் தயிர் சாதம் சாப்பிட்டபோது, பூஜை அறைக் கதவைச் சாத்திவிட்டு வந்து சாப்பிட்டேன். ஆகாத மருந்துகளின் பட்டியல் கைப்பையில் ஏறியது. ஆனாலும் மாதவிலக்குக்கு முந்தைய வாரத்தை யாராலும் நிறுத்த முடியவில்லை. ஏறக்குறைய மாதம் ஒரு தடவை மருத்துவமனை, ஹீமின். ஒரு வருடத்தில் கையில் ஊசி ஏற்ற இரத்தக் குழாய் கிடைக்கவில்லை. கழுத்தில் தேடினார்கள்.

கல்லீரல் மருத்துவர்தான் அந்தப் புதிய ஊசியைப் பற்றிச் சொன்னார். நரைத்த தலை, அவசரமில்லாத பேச்சு. ஒரு தாளை எடுத்துப் படம் போட்டார். மரபணு என்பது கல்லீரல் செல்லின் நடுவே பூட்டிவைத்த மூலப்பத்திரம். எந்த நொதி வேண்டுமோ அதற்கான பகுதி மட்டும் நகலெடுக்கப்பட்டு வெளியே வரும். அந்த நகலுக்கு ஆர்.என்.ஏ. என்று பெயர். நகலைப் படித்துத்தான் செல் நொதியைச் செய்யும். ஊசியில் இருப்பது ஆய்வகத்தில் செய்த சின்ன ஆர்.என்.ஏ. துண்டு. முதல் படி நொதியின் நகலோடு மட்டும் அது எழுத்துக்கு எழுத்து ஒட்டும். ஒட்டியதும், செல்லுக்குள் இயற்கையாகவே இருக்கிற கத்தரி அந்த நகலை வெட்டிவிடும். நகல் இல்லை, அதனால் வேலையும் இல்லை. மூலப்பத்திரத்தை யாரும் தொடுவதில்லை.

"அது கல்லீரலுக்குத்தான் போகும்னு எப்படித் தெரியும்?" என்று கேட்டேன்.

அந்தத் துண்டோடு ஒரு வகைச் சர்க்கரையைக் கோத்திருக்கிறார்கள், கல்லீரல் செல்லின் கதவு அந்தச் சர்க்கரைக்குத்தான் திறக்கும் என்றார். இரத்தத்துக்கு வேண்டிய சிவப்பு எலும்பு மஜ்ஜையில் வேறொரு மரபணுவின் கட்டளைப்படி நடக்கிறது, அதற்குப் பாதகம் இல்லை என்றும் சொன்னார்.

"ஆனா அந்த முதல் படியை அடைச்சிட்டா, கல்லீரலுக்கே வேண்டியது கிடைக்குமா டாக்டர்?"

அவர் பேனாவை மூடினார். "முழுசா அடைக்க மாட்டோம்மா. இப்போ அது கத்திட்டு இருக்கு. பேசுற அளவுக்குக் கொண்டுவரப் போறோம். ரொம்ப வருஷம் கழிச்சு என்ன ஆகும்னு கேட்டா, இன்னும் யாருக்கும் முழுசாத் தெரியாது. அதையும் தெரிஞ்சுக்கிட்டுத்தான் நீங்க கையெழுத்துப் போடணும்."

தெரியாது என்று அவர் சொன்னதால்தான் எனக்கு அவர்மேல் நம்பிக்கை வந்தது.

மருந்து வெளிநாட்டிலிருந்து என் பெயருக்குத் தனி அனுமதி பெற்று வரவேண்டியிருந்தது. அந்தக் காத்திருப்பில் நான் யாரோடும் ஒழுங்காகப் பேசவில்லை. தொலைபேசி அடித்தால் எடுப்பதற்குள் ஸ்ரீதரிடம் எரிந்துவிழுவேன். மயிலாப்பூர் கோயில் மாடவீதிகளைக் காலையில் இரண்டு சுற்று, மாலையில் இரண்டு சுற்று நடப்பேன். பூக்காரர்களும் காய்கறிக்காரர்களும், தினம் நான்கு சுற்று வரும் அளவுக்கு என்ன வேண்டுதலோ என்று நினைத்திருக்கக்கூடும். அதற்குள் இன்னும் இரண்டு தாக்குதல்கள் வந்துபோயின.

ஊசி வந்தது. வயிற்றுத் தோலுக்கடியில் போட்டார்கள். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. இனி மாதம் ஒன்று. போட்ட இடம் ரூபாய் நாணயம் அளவுக்குச் சிவந்தது. கொஞ்ச நேரம் கண்காணிப்பில் வைத்திருந்துவிட்டு, வீட்டுக்குப் போகலாம் என்றார்கள். நான் ஏதோ நடக்கும் என்று உட்கார்ந்திருந்தேன். உள்ளே கத்தரி வெட்டிக்கொண்டிருந்திருக்கும். எனக்கு ஒன்றும் தெரியவில்லை. கொஞ்சம் குமட்டியது.

முதல் மாதம் வலி வந்தது. இரண்டாம் மாதமும் வந்தது, ஆனால் மருத்துவமனைக்குப் போகாமல் இனிப்புக் கஞ்சியோடு வீட்டிலேயே சமாளித்தேன். மூன்றாம் மாதம் ஒரு மந்தமான இழுப்பு மட்டும். நான்காம் மாதம் அந்த வாரம் வந்தது. மருத்துவமனைப் பையைக் கட்டிக் கதவருகே வைத்தேன். திங்கள் போனது. செவ்வாய் போனது. வயிற்றைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தேன். வலிக்கவில்லை. வெள்ளிக்கிழமை அதைத் தாங்க முடியாமல் அழுதேன். வலி இல்லாததற்கு ஒருத்தி அழுவாளா என்று கேட்காதீர்கள். எதிரி வாசலில் நின்று கதவைத் தட்டாமல் இருக்கிறான் என்றுதான் என் உடம்பு நினைத்துக்கொண்டிருந்தது. ஸ்ரீதர் பையைப் பிரித்து, துணிகளை அலமாரியில் அடுக்கினார். 

இதே சிகிச்சைக்குக் காத்திருப்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். இது ஒரே ஏறுமுகமாக இருக்காது. ஆறாம் மாதம் என் கல்லீரல் பரிசோதனை அளவுகள் ஏறிவிட்டன. மருந்துதான் காரணமாக இருக்கலாம் என்று ஊசியை நிறுத்திவைத்தார்கள். நகல்கள் மறுபடி சேர்ந்துகொண்டிருக்கின்றன என்று எனக்குத் தெரியும். சேர்வதை உணர முடியாது. அந்த ஏழு வாரங்கள், பெயர் தெரியாத வலியோடு இருந்த நான்கு ஆண்டுகளைவிட நீளம். அளவுகள் இறங்கின. குறைந்த அளவில் மறுபடி தொடங்கினார்கள். அது போதுமானதாக இருந்தது. சோர்வு இருக்கிறது, சிறுநீரகத்தையும் அடிக்கடி பார்க்கிறார்கள்.

இதற்கு நடுவே மீராவுக்குப் பதினைந்து வயதாகிவிட்டது. என் குறை அவளுக்கு வந்திருக்கச் சரிபாதி வாய்ப்பு. வந்திருந்தாலும் பெரும்பாலானவர்களுக்கு வாழ்நாள் முழுவதும் வலி வருவதே இல்லை என்று மருத்துவர் சொல்லியிருந்தார். பரிசோதித்துவிடுவது நல்லது, ஆகாத மருந்துகளைத் தவிர்க்கலாம் என்றும் சொன்னார். நான்தான் தள்ளிப்போட்டேன். பரீட்சை முடியட்டும் என்றேன். பிறகு, பள்ளி திறக்கட்டும் என்றேன். ஒருநாள் காலையில் அவள் தோசையைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தாள். நான் உடனே, ஏன், வயிறு வலிக்கிறதா என்றேன்.

"எனக்கு டெஸ்ட் பண்ணிடலாம்மா," என்றாள். "தெரியாம இருந்தா நீ என் தட்டையே பார்த்துண்டு இருப்பே."

முடிவு வந்தது. அவளுக்கும் இருக்கிறது. அறிக்கையை அவளே படித்தாள். பிறகு, டயட் இருக்கிற தோழிகளிடம், பட்டினி கிடக்கக் கூடாது என்று எனக்கு டாக்டரே சொல்லிவிட்டார் என இனிமேல் சொல்லிக்கொள்ளலாம் என்றாள். நான் சிரிக்கவில்லை. குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு நின்றேன். வத்சலா அத்தையை நினைத்துக்கொண்டேன். அப்பாவிடம் சொன்னபோது அவர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: அவளுக்கு வந்தால், இப்போது என்ன செய்வது என்று தெரியும் அல்லவா? தெரியும் என்றேன். அவர் சரி என்று தலையாட்டினார். அன்று எங்கள் வீட்டில் சாப்பிட்டார்.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை பெசன்ட் நகர் கடற்கரைக்குப் போனோம். மீரா மிளகாய் பஜ்ஜி வாங்கினாள். நானும் சாப்பிட்டேன். நான்கோ ஐந்தோ. திங்கள் காலை எழுந்ததும் வயிற்றில் வலி. உடம்பு முழுவதும் வியர்த்துவிட்டது. ஸ்ரீதர் கார்ச் சாவியை எடுத்துவிட்டார். நான் கல்லீரல் மருத்துவருக்குப் போன் செய்தேன். கை உணர்வு சரியாக இருக்கிறதா, நாடி எப்படி, சிறுநீர் நிறம் என்ன என்று கேட்டார். எல்லாம் சரியாக இருந்தது. நேற்று என்ன சாப்பிட்டீர்கள் என்றார். சொன்னேன். 

"அஞ்சு மிளகாய் பஜ்ஜி சாப்பிட்டா எனக்கும் வலிக்கும்மா. சாயந்திரம்வரை பாருங்க. அதிகமானா உடனே வாங்க."

ஓமத் தண்ணீர் குடித்தேன். ஒன்பது மணிக்கு ஏப்பம் வந்தது. எல்லாருக்கும் வருகிற வயிற்று வலி எனக்கும் வந்து, எல்லாருக்கும் போவதுபோலவே போனது. இந்த உடம்பில் இப்படி ஒரு வலிக்கு இடம் இருக்கும் என்பதையே நான் மறந்துவிட்டிருந்தேன்.

இரண்டாம் பாடவேளைக்குத்தான் பள்ளிக்குப் போக முடிந்தது. தலைமையாசிரியை ஏன் தாமதம் என்று கேட்டார். சும்மா, வயிற்று வலி என்றேன். அவர் முகம் மாறியது. நான் பஜ்ஜியைப் பற்றிச் சொன்னதும் நம்பாமல் பார்த்தார், பிறகு சிரித்தார். கொஞ்சம் தயங்கிவிட்டு, அடுத்த வருடம் பத்தாம் வகுப்புக்குக் கணக்கு எடுக்க ஆளில்லை, என்னால் முடியுமா என்று கேட்டார். ஜூனிலிருந்து பொதுத்தேர்வுவரை.

இந்த ஆறு வருடங்களில் அடுத்த மாதத்துக்கு அப்பால் எந்தத் தேதிக்கும் நான் யாருக்கும் வாக்குக் கொடுத்ததில்லை. கல்யாணங்களுக்குக்கூட, உடம்பு சரியாக இருந்தால் வருகிறேன் என்றுதான் சொல்வேன். அவர் என் பதிலுக்காகக் காத்திருந்தார். மருந்து வருவது நின்றால், கல்லீரல் அளவு மறுபடி ஏறினால், மீராவுக்கு ஏதாவது ஆனால் என்று மனம் ஒவ்வொன்றாக அடுக்கிக்கொண்டே போனது.

எடுத்துக்கொள்கிறேன் என்றேன்.

சொல்லிவிட்டு வராந்தாவில் பாதி தூரம் போனவள், யோசித்துச் சொல்கிறேன் என்று மாற்றிச் சொல்லிவிடலாமா என்று திரும்பினேன். அதற்குள் மணி அடித்துவிட்டது. ஏழாம் வகுப்பு எனக்காகக் காத்துக்கொண்டிருந்தது. போய்விட்டேன்.